நூற்று ஐம்பத்தொன்று

மத்தியானம் இரண்டரை.
பாடாங் செராய் எடைமேடைக்கு முன்
பதினோரு லோரி.
குலை மேல் குலையாய் ஏறி உட்கார்ந்த செம்பனைப் பழம்
வெயிலில் எண்ணெயாய் வியர்க்கிறது.
காத்திருந்தால் புளிக்கும். புளித்தால் தரம் கழிப்பார்கள்.
கழிகிற வெள்ளி லோரிக்காரன் தலையில்.

கிராணி குணசுந்தரி
திரையைத் திருப்பி என் பக்கம் வைக்கிறாள்:
இணைப்புகள் மிகுந்துவிட்டன.
"நேத்தும் இதே நேரம். முந்தாநாளும்.
பேய்கூட இவ்வளவு ஒழுங்கா வராதுக்கா."

மேசைக்கடியில், மிலோ டின்களுக்குப் பக்கத்தில்,
தூசிமீசையோடு இரைகிறது கணினி.
ஒரே நேரத்தில் நூற்று ஐம்பத்தொரு பேர்
அதனோடு பேசலாம்.
அதற்கு மேல் வருகிறவர்
வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஆனால் இங்கே வேலைக்கு இருப்பது இரண்டே பேர்.

"அணைச்சுப் போடு" என்றார் தவுக்கே தியோ.
தினமும் அதைத்தான் செய்தார்கள்.
ராத்திரி கடை சாத்தும்வரை ஓடும்,
மறுநாள் இரண்டரைக்குப் படுத்துக்கொள்ளும்.

வரம்பை ஐந்நூறாக்கு என்றான்
சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு தெரிந்தவன்.
ஆக்கலாம். லோரி நகரும்.
ஆனால் உள்ளே இருப்பது யார் என்று தெரியாமல்
இன்னும் நாற்காலி வாங்கிப் போட
எனக்கு மனம் வரவில்லை.

இப்படிப்பட்ட நெரிசலுக்கென்றே
நிர்வாகிக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கும்.
அந்த ஒற்றை இடத்தில் நுழைந்து உட்கார்ந்து
பெரட்டு எடுத்தேன்.

முதல் ஆள்: உறக்கம். இருபத்தேழாயிரம் விநாடி.
அடுத்த ஆள்: உறக்கம். நூற்று எண்பது குறைவு.
அடுத்தவன் அதிலும் நூற்று எண்பது குறைவு.
உறக்கம், உறக்கம், உறக்கம்,
திரையை உருட்ட உருட்ட
அதே பெயர், அதே குறட்டை.

வெளியே நிமிர்ந்து பார்த்தேன்.
தகரக் கூரையில் சிவப்பு எழுத்தில் விலைப்பலகை:
டன் எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அதுதான்.
மூன்று நிமிடத்துக்கு ஒரு தரம்
பலகை ஓர் ஆளை உள்ளே அனுப்புகிறது.
அவன் போய், "இன்னிக்கு என்னா விலை?" என்கிறான்.
பதில் கிடைக்கிறது.
கிடைத்த பிறகு வெளியே வருவதில்லை.
அங்கேயே சாய்ந்துகொள்கிறான்.
எட்டு மணி நேரம் தூங்க
அனுமதி உண்டு அவனுக்கு,
யாரும் மாற்றாத ஆதி விதி.

எந்த மடையன் எழுதினான் இதை என்று
கோப்பைத் திறந்தேன்.
முதல் வரியில் என் பெயர்.
மூன்று வருசத்துக்கு முந்திய தீபாவளி வாரம்.

அப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருவன்.
எட்டு மணி நேரத்துக்குத் தொண்ணூற்றாறு.
தொண்ணூற்றாறு பேர் தூங்கியும்
இடம் மிச்சம் இருந்தது, யாருக்கும் தெரியவில்லை.
போன வாரம் தவுக்கே, "விலை சீக்கிரம் மாறட்டும்லா" என்றார்.
ஐந்தை அழித்து மூன்று போட்டேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

ஒரு வரி எழுதினேன்:
கேட்டதும் கிளம்பு.
தூங்கினவர்களை எழுப்பி விரட்டினேன்.
நூற்று ஐம்பத்தொன்று
மூன்றாயிற்று.

முதல் லோரி மேடை ஏறியது, இரும்பு முனகியது.
மரியதாஸ் சன்னலில் தலை நீட்டி,
"என்னா பிரச்சன?"
"கதவச் சாத்தாம வந்துட்டேன்."
"எப்ப?"
"மூணு வருசம் ஆச்சு."
சிரித்தான். நகைச்சுவை என்று நினைத்திருப்பான்.

தவுக்கே எண்பது வெள்ளி நீட்டினார்.
கை நீண்டது. பாதியிலேயே நின்றது.
"தே ஓ மட்டும் போதும் தவுக்கே" என்றதற்கு
என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தேநீர் பாதியில் ஞாபகம் வந்தது.
இதே கோப்பை
லூனாஸில் ஒரு கிளினிக்கின் எண் பலகைக்கும்
கூலிமில் ஒரு டயர் கடைக்கும்
போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
அங்கே ஐந்து நிமிடம்தான்.
இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

மோட்டாரை
லூனாஸ் பக்கம் திருப்பினேன்.